தாத்தாவுக்குப் பெயர்சூட்டு விழா

நம் வீடுகளில் பெயர்சூட்டு விழா என்றால் ஒரு சண்டை நிச்சயம். அப்பா வழியில் குலதெய்வத்தின் பேரைச் சொல்வார்கள். அம்மா வழியில் செத்துப்போன தாத்தாவின் பேரைச் சொல்வார்கள். எண்கணிதம் பார்க்கிறவர் வந்து இரண்டுக்குமே கூட்டுத்தொகை சரியில்லை என்பார். குழந்தை எதிலும் தலையிடாமல் தூங்கிக்கொண்டிருக்கும். மூலையில் உட்கார்ந்திருக்கும் பாட்டி மட்டும் முணுமுணுப்பாள்: "பேரு வைக்க இத்தனை பேரு, சோறு வைக்க யாரு?"

கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையிலும் இப்படி ஒரு விழா நடந்தது. 1853-ல் தொடங்கி 1939-ல்தான் பந்தி முடிந்தது. குழந்தை ஒரு மரம். வயது இரண்டாயிரத்துச் சொச்சம், உயரம் எண்பது மீட்டர். லண்டனில் ஒரு பேராசிரியர், சான்பிரான்சிஸ்கோவில் ஒரு மருந்துக்காரர், பாரிஸில் ஒரு தோட்டக்கலை மேதை என்று ஆளுக்கொரு பேரோடு வந்து தொட்டிலைச் சுற்றி நின்றார்கள். பாட்டியின் கேள்வியை மட்டும் 1960-கள் வரை யாரும் கேட்கவில்லை.

முதலில் குழந்தையைப் பார்த்தவர்கள் கதை. அந்த மலைகளில் வாழ்ந்த மிவோக், மோனோ, யோகுட்ஸ் மக்களுக்கு இந்த மரம் பல தலைமுறைப் பழக்கம். மிவோக் மக்கள் இதை வாவோனா என்றார்கள். ஆந்தையின் கூவலிலிருந்து வந்த சொல் என்கிறார்கள். ஆந்தைதான் இந்த மரத்துக்குக் காவல் என்பது அவர்கள் நம்பிக்கை. ஆனால் அவர்களிடம் லத்தீன் இல்லை, அச்சகம் இல்லை. ஆகையால் அவர்கள் பார்த்தது கணக்கில் வராது.

1833-ல் வாக்கர் என்பவர் தலைமையில் மலையைத் தாண்டிய கூட்டத்தில் ஜீனஸ் லியோனார்டு என்ற கணக்குப்பிள்ளை இருந்தார். ஆள் உயரத்தில் சுற்றளவு 16 முதல் 18 பாகம் இருக்கும் மரங்களைப் பார்த்ததாக எழுதிவைத்தார். கடலில் ஆழம் பார்க்கிற அதே பாகம்தான், இரண்டு கையையும் விரித்தால் ஒன்று. அவர் எழுதியது 1839-ல் புத்தகமாகவே வந்தது. ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. எல்லைப்புறத்தில் ரோமத் தோல் வியாபாரம் பார்க்கிறவன் பதினெட்டுப் பாகம் என்றால், கேட்கிறவன் பதினேழைக் கழித்துக்கொள்வான்.

அடுத்து வந்தவர் அகஸ்டஸ் டவுட். 1852, தங்க வேட்டைக் காலம். மர்ஃபிஸ் என்ற சுரங்க ஊருக்குத் தண்ணீர் கொண்டுவரக் கால்வாய் வெட்டிக்கொண்டிருந்தார்கள். கால்வாய்க் கூலிகளுக்குக் கறி கொண்டுவருவது டவுட்டின் வேலை. அடிபட்ட கரடி ஒன்றைத் துரத்திப் போனவர், திடீரென்று ஒரு தெருவே குடியிருக்கலாம் போன்ற அடிமரத்தின் முன்னால் நின்றார். கரடி தப்பித்தது. வரலாற்றில் அதன் பங்களிப்பு இதோடு முடிகிறது. முகாமுக்கு ஓடிவந்து சொன்னால், எல்லோரும் அவர் வாயை முகர்ந்து பார்த்தார்கள். டவுட் சில நாள் பொறுத்தார். பிறகு, "பிரமாண்டமான கரடி ஒன்றைச் சுட்டுப் போட்டிருக்கிறேன், தூக்கி வர ஆள் வேண்டும்" என்றார். கறி என்றதும் கூட்டம் கிளம்பிவிட்டது. அறிவியலுக்காக யாரும் மலை ஏற மாட்டார்கள், பொரியலுக்காக ஏறுவார்கள் என்பது டவுட்டுக்குத் தெரிந்திருந்தது.

பெரிதாக ஒன்றைப் பார்த்தால் மனிதனுக்கு இரண்டே யோசனைதான் வரும்: கும்பிடுவது, இல்லையென்றால் டிக்கெட் போடுவது. இங்கே இரண்டாவது. 1853-ல் அந்த மரத்தை வெட்ட முடிவு செய்தார்கள். அதற்கேற்ற ரம்பம் உலகத்தில் இல்லை. ஏழரை மீட்டர் விட்டம்! ஐந்து பேர் தண்ணீர்க் குழாய் துளைக்கும் நீளத் துரப்பணத்தால் இருபத்திரண்டு நாள் சுற்றிச் சுற்றித் துளை போட்டார்கள். முழுக்கத் துளைத்த பிறகும் மரம் சாயவில்லை. தன்னைக் கொன்றுவிட்டார்கள் என்ற சேதி அதற்குப் போய்ச் சேரவில்லை. ஆப்பு அடித்துச் சாய்க்க இன்னும் இரண்டரை நாள் ஆனது. அடிக்கட்டையைச் செதுக்கிச் சமன் செய்து நடன மேடை ஆக்கினார்கள். முப்பத்திரண்டு பேர் ஒரே நேரத்தில் அதன்மேல் ஜோடி போட்டு ஆடியதாகப் பதிவு இருக்கிறது. அந்த மரத்தின் வளையங்கள் ஆயிரத்து இருநூறுக்கு மேல். கணக்குப் போட்டால், அது முளைத்தபோது காஞ்சியில் மகேந்திரவர்ம பல்லவர் பட்டத்தில் இருந்திருப்பார், குடிகாரர்களைக் கேலி செய்யும் 'மத்தவிலாசம்' எழுதியவர். கட்டை மேல் ஆட்டம் போட்ட கூட்டத்தைப் பார்த்திருந்தால் இரண்டாம் பாகமும் எழுதியிருப்பார்.

அடுத்த வருடம் பக்கத்து மரத்தை வேறு மாதிரி கவனித்தார்கள். வெட்டவில்லை, தோலை மட்டும் உரித்தார்கள், முப்பத்தைந்து மீட்டர் உயரம் வரைக்கும். மரத்தின் பேர் 'காட்டின் தாய்'. தாயைச் செய்கிற காரியமா என்று கேட்கக்கூடாது. பட்டையைத் துண்டு துண்டாக நியூயார்க் அனுப்பி, பிறகு லண்டன் கிரிஸ்டல் பேலஸில் மறுபடி ஒட்டி நிறுத்தினார்கள். இந்தப் பட்டை அரை மீட்டருக்கு மேல் கனம், பிசின் கிடையாது. நூறு காட்டுத்தீ வந்தாலும் மரத்துக்குக் கவசம் அதுதான். அப்பேர்ப்பட்ட பட்டை 1866 டிசம்பரில் கிரிஸ்டல் பேலஸில் தீப்பிடித்தபோது சாம்பலானது. சியராவில் தீயிலேயே வளர்ந்ததை லண்டனில் ஒரே தீயில் முடித்துவிட்டார்கள். உரிக்கப்பட்ட தாய் அதற்குள் காட்டில் பட்டுப்போயிருந்தாள்.

இனி விழா.

சான்பிரான்சிஸ்கோவில் ஆல்பர்ட் கெல்லாக் என்று ஒரு மருத்துவர். மருந்துக்கடையும் உண்டு, செடிப் பைத்தியமும் உண்டு. 1853-ல் இன்னும் சிலரோடு சேர்ந்து கலிபோர்னியா அறிவியல் கழகத்தைத் தொடங்கினார். இந்த மரத்தின் கிளையும் காயும் அவர் கைக்கு முன்பே வந்துவிட்டன. நிதானமாக ஆராய்ந்து, நாட்டின் தந்தை வாஷிங்டன் பேரை வைக்கலாம் என்பது அவர் எண்ணம். நிதானம்தான் அவருடைய நோய். கழகத்துக்கு வில்லியம் லாப் என்ற ஆங்கிலேயர் வந்தார். எக்ஸிட்டர் நகரத்து வீச் நர்சரிக்கு உலகம் சுற்றி விதை சேகரிக்கிற ஆள். கெல்லாக் அன்போடு மாதிரியை எடுத்துக் காட்டினார். விருந்தாளிக்குக் காபி கொடுக்கலாம், பெட்டிச் சாவியைக் கொடுக்கலாமா? லாப் நேராக மலைக்குப் போனார். விதை, காய், கிளை, இரண்டு உயிருள்ள கன்று என்று மூட்டை கட்டினார். நர்சரிக்காரர் கொடுத்திருந்த மற்ற வேலைகளை அப்படியே போட்டுவிட்டு அடுத்த கப்பலைப் பிடித்தார். டிசம்பரில் இங்கிலாந்து.

1853 டிசம்பர் 24. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரிப் பேராசிரியர் ஜான் லிண்ட்லி, 'கார்டனர்ஸ் க்ரானிக்கிள்' இதழில் பேரை அறிவித்தார்: வெலிங்டோனியா ஜைஜான்டியா. வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற வெலிங்டன் பிரபு போன வருடம்தான் காலமாகியிருந்தார். சமகாலத்தவரைவிட அவர் எவ்வளவு உயர்ந்தவரோ, மற்ற மரங்களைவிட இதுவும் அவ்வளவு உயர்ந்தது என்பது லிண்ட்லியின் நியாயம். மரம் அமெரிக்காவில், பேர் ஆங்கிலேயத் தளபதியுடையது. வாடகைக்கு வந்தவன் வீட்டு வாசலில் தன் தாத்தா படத்தை மாட்டியது போல.

நமக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. குன்னூர் பக்கத்து ஜக்கதளா ராணுவ முகாமுக்கும் இதே பிரபுவின் பேரைத்தான் வைத்தார்கள். இன்றைக்கும் அது வெலிங்டன்தான். இந்தியாவில் அவர் திப்பு சுல்தானோடு சண்டை போட வந்த கர்னல் வெல்லெஸ்லி. அந்தக் காலத்து துரைமார்களுக்கு ஒரு பிரபுவின் பேர் தீர்ந்துபோனால் பெரிய கஷ்டம் வந்திருக்கும், ஊர், மரம், காலணி எல்லாவற்றுக்கும் அதுதான்.

அமெரிக்காவில் கொதித்தார்கள். வின்ஸ்லோ என்ற மருத்துவர் 1854-ல் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். அவர் வாதத்தின் அழகு இது: இது புதிய பேரினம் என்றால் பேர் வாஷிங்டோனியா. ஏற்கனவே உள்ள டாக்ஸோடியம் பேரினத்தில் சேரும் என்றால் டாக்ஸோடியம் வாஷிங்டோனியம். அதாவது ஆராய்ச்சி எந்தப் பக்கம் போனாலும் வாஷிங்டன் ஜெயிப்பார். இதைவிடத் தெளிவான ஆராய்ச்சி முறையை நான் நம் ஊர்ப் பட்டிமன்றங்களில் மட்டுமே பார்த்திருக்கிறேன்.

இரண்டு பக்கமும் முட்டிக்கொண்டிருக்கும்போது பாரிஸிலிருந்து மூன்றாவது ஆள் நுழைந்தார். ஜோசப் டெகெய்ன். அவர் சொன்னது எளிய விஷயம். கடற்கரைப் பக்கம் இதற்கு ஒரு நெருங்கிய சொந்தம் இருக்கிறது. வியன்னாக்காரர் எண்ட்லிக்கர் 1847-லேயே அதற்கு செக்கோயா என்று தனிப் பேரினம் கொடுத்துவிட்டார். இதையும் அதில் சேருங்கள்: செக்கோயா ஜைஜான்டியா. நியாயமான பேச்சுதான். ஆனால் டெகெய்ன் 1807-ல் பிரஸ்ஸல்ஸில் பிறந்தவர். வாட்டர்லூ போர் நடந்தபோது எட்டு வயதுப் பையன், போர்க்களம் பக்கத்து ஊர். நெப்போலியனால் முடியாததை, முப்பத்தொன்பது வருடம் கழித்து ஒரு தாவரவியல் குறிப்பால் முடித்தார். வெலிங்டன் மண்ணைக் கவ்வினார். அமெரிக்கர்களும் செக்கோயாவுக்குத் தலையாட்டிவிட்டார்கள். தங்கள் தலைவர் தோற்றாலும் எதிராளியும் ஜெயிக்கவில்லையே!

அந்த செக்கோயா யார் என்பது இன்னொரு வழக்கு. செரோக்கி என்ற அமெரிக்கப் பூர்வகுடி மொழிக்கு 1821-ல் எழுத்து உண்டாக்கிய செக்கோயா என்ற பெரியவரின் பேர் என்று பெரும்பாலோர் சொல்கிறார்கள். நம் உயிர்மெய் போல ஓர் அசைக்கு ஓர் எழுத்து என்று எண்பதுக்கு மேற்பட்ட எழுத்துகளைத் தனியாளாகச் செய்த மேதை. எண்ட்லிக்கர் மொழியறிஞரும்கூட, ஆகையால் பொருந்தும். இல்லை, 'பின்தொடர்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது என்பவர்களும் உண்டு. எண்ட்லிக்கர் காரணத்தை எழுதி வைக்காமல் 1849-ல் போய்ச் சேர்ந்துவிட்டார்.

பேரும் நிம்மதியாக நிற்கவில்லை. பெர்தோல்ட் ஸீமான் என்ற ஜெர்மானியர் 1855-ல் சமரசம் பேச வந்து, செக்கோயா வெலிங்டோனியா என்றார். இரண்டு சம்பந்தியையும் திருப்திப்படுத்த நினைத்துப் பத்திரிகையில் ரெண்டு பேரையும் போடுகிற மாமா எல்லா வீட்டிலும் உண்டு. இதற்கிடையில் யாரோ பழைய தாளைப் புரட்டினார்கள். தாவரவியல் சட்டப்படி ஒரு பேரினத்துக்கு வைத்த பேரை இன்னொன்றுக்கு வைக்கக்கூடாது. வெலிங்டோனியா என்ற பேரை மைஸ்னர் என்பவர் 1840-லேயே வேறு மரத்துக்கு வைத்துவிட்டார்! லிண்ட்லியின் பேர் பிறக்கும்போதே செல்லாக்காசு. அந்த மைஸ்னரின் மரம் இன்றைக்கு மெலியோஸ்மா பேரினத்தில் அடக்கம். மெலியோஸ்மாக்கள் நம் மேற்குத் தொடர்ச்சி மலைச் சோலைகளிலும் வளர்கின்றன. வெலிங்டன் பிரபுவுக்கு மரம் தேடி கலிபோர்னியா வரை போயிருக்கவே வேண்டாம்.

டெகெய்னின் பேருக்கும் அதே கதிதான். செக்கோயா ஜைஜான்டியா என்ற பேரை எண்ட்லிக்கரே கடற்கரை மரத்துக்கு ஒருமுறை குழப்பத்தில் பயன்படுத்தியிருந்தார். வழக்கு இழுத்துக்கொண்டே போனது. 1939-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்து புக்ஹோல்ஸ் விதைக்கரு வளர்ச்சியைப் பிரித்துப் பார்த்துவிட்டு, இரண்டும் சொந்தம்தான், ஒரே வீடு இல்லை என்றார். கடற்கரை மரத்தின் காய் ஒரே பருவத்தில் முற்றும், மலை மரத்துக்கு இரண்டு வருடம் வேண்டும். ஆகவே மலை மரத்துக்குத் தனிப் பேரினம்: செக்கோயாடென்ட்ரான் ஜைஜான்டியம். டென்ட்ரான் என்றால் கிரேக்கத்தில் மரம். எண்பத்தாறு வருடச் சண்டையின் தீர்ப்பு 'செக்கோயா மரம்' என்று வந்தது. முழுப் பேரை எழுதும்போது அடைப்புக்குறிக்குள் லிண்ட்லியின் பேரும் உண்டு. பிரபு போனார், பேராசிரியர் தங்கிவிட்டார்.

வாஷிங்டனையும் கைவிடவில்லை. 1879-ல் வெண்ட்லாண்டு என்ற ஜெர்மானியர் வாஷிங்டோனியா என்ற பேரை ஒரு மரத்துக்கு வைத்தார், அது நிலைத்தும்விட்டது. கலிபோர்னியாப் பாலைவனத்து விசிறிப்பனை! பனிமலையில் அரியணை கேட்டவருக்குப் பாலைவனத்தில் விசிறி கொடுத்தார்கள்.

இதெல்லாம் இனத்துக்குப் பேர். தனித்தனி மரங்களுக்கும் வைத்தார்கள். மொத்த மரக்கன அளவில் உலகத்திலேயே பெரியது ஒன்று, 84 மீட்டர் உயரம், கன அளவு 1,487 கன மீட்டர். அதற்கு 1879-ல் ஒரு முன்னாள் படைவீரர், தன் தளபதி ஷெர்மனின் பேரை வைத்ததாகச் சொல்வார்கள். 1886-ல் கவேயா காலனி என்ற சோஷலிசக் குழு அங்கே குடியேறியது. தனியுடைமை கிடையாது, எல்லோரும் சேர்ந்து மரம் வெட்டி எல்லோரும் சேர்ந்து பங்கு போடுவது அவர்கள் லட்சியம். அவர்கள் அதே மரத்துக்கு வைத்த பேர் காரல் மார்க்ஸ். 1890-ல் அரசாங்கம் அந்த இடத்தை தேசியப் பூங்கா ஆக்கியது. காவலுக்குக் குதிரைப்படை வந்தது, காலனி கலைந்தது, மார்க்ஸ் மறுபடி ஜெனரல் ஷெர்மன் ஆனார். அரசாங்கம் மாறினால் நம் ஊரில் பேருந்து நிலையத்துக்கு நடப்பதுதான்.

இப்போது பாட்டியின் கேள்விக்கு வருவோம்.

இந்த மரத்துக்கு எந்தச் சீதோஷ்ணம் பிடிக்கும்? ரொம்பப் பிடிவாதமான ஆசாமி. சியராவின் மேற்குச் சரிவில், பெரும்பாலும் 1,400 முதல் 2,150 மீட்டர் உயரத்தில், எழுபது எண்பது தோப்புகளில் மட்டும் இயற்கையாக இருக்கிறது. கீழே இறங்கினால் வறட்சி தாங்காது, மேலே ஏறினால் குளிர் தாங்காது. நம் வெலிங்டனும் சுமார் 1,850 மீட்டர்தான், ஆனால் ஜூலை மாதம் நீலகிரியில் மழை கொட்டும், அங்கே கோடையில் வானம் சொட்டுக்கூடத் தராது. மழைக்கணக்கு எல்லாம் குளிர்காலத்தில், அதுவும் பனியாக விழும். அந்தப் பனி மெல்ல உருகி மண்ணுக்குள் இறங்கி, கோடை முழுக்கச் சிறுவாட்டுப் பணம் போலச் செலவாக வேண்டும்.

குடிக்கப் பனி. சாப்பாடு?

தீ. காய் பச்சையாக, மூடியபடியே இருபது வருடம்கூடக் கிளையில் தொங்கும். உள்ளே இருநூறு விதை, ஒவ்வொன்றும் நாலைந்து மில்லிமீட்டர். ஒரு கிலோவுக்குச் சுமார் இரண்டு லட்சம் விதை நிற்கும். தரையில் தீ ஓடினால் அந்தச் சூடு மேலே போய்க் காயை உலர்த்தும், காய் திறக்கும், விதை மழையாகக் கொட்டும். கீழே சருகு எல்லாம் எரிந்து வெற்று மண் தயாராக இருக்கும். பக்கத்து ஃபிர் மரங்கள் கருகிப்போனதால் வெயிலும் விழும். அப்போதுதான் கன்று பிழைக்கும். டக்ளஸ் அணில் காயைக் கொறிக்கும்போதும், ஒரு வண்டு காய்க்குள் துளை போடும்போதும் கொஞ்சம் விதை சிந்தும், ஆனால் அது நொறுக்குத்தீனி. (அந்த அணிலுக்குப் பேர் கொடுத்த டேவிட் டக்ளஸ், 1834-ல் ஹவாயில் காட்டு மாடு பிடிக்கும் குழிக்குள் செத்துக் கிடந்தார். மாடும் உள்ளேதான் இருந்தது. தாவரவியல் அமைதியான தொழில் என்று யார் சொன்னது?)

மிவோக்குகளும் மோனோக்களும் அவ்வப்போது தரைக்குத் தீ வைத்துக்கொண்டிருந்தார்கள். மின்னலும் தன் பங்குக்கு வைத்தது. பூங்கா வந்த பிறகு அந்த மக்களுக்கு அங்கே இடமில்லை, தீக்கும் இடமில்லை. எங்கே புகை வந்தாலும் ஓடிப்போய் அணைத்தார்கள். 'மரத்தைக் காப்பாற்றுகிறோம்' என்று எழுபது வருடம் பட்டினி போட்டார்கள். அதே காலத்தில் பக்கத்துத் தோப்புகளை மரக் கம்பெனிகள் வெட்டித் தள்ளின. இந்தக் கட்டை உளுத்த பிஸ்கோத்து மாதிரி, விழும்போதே சில்லுச் சில்லாக உடையும். தேறியதை வேலிக் கம்பாகவும் திராட்சைக் கொடிக்குக் குச்சியாகவும் விற்றார்கள். மற்றொரு பக்கம் 1881-லேயே, வாவோனா என்றே பேர்பெற்ற ஒரு மரத்தின் நடுவில் குதிரை வண்டி போகிற அளவுக்கு ஓட்டை போட்டிருந்தார்கள். பின்னால் கார்களும் போயின. 1969-ல் பனிச்சுமை தாங்காமல் மரம் விழுந்தது.

1960-களில் ஹார்ட்ஸ்வெல்ட் என்ற ஆராய்ச்சியாளரும் கூட்டாளிகளும் தோப்பில் சுற்றிப் பார்த்துவிட்டு, தாத்தாக்கள் இருக்கிறார்கள், பேரப்பிள்ளைகள் எங்கே என்று கேட்டார்கள். கொஞ்சம் தீ வைத்துப் பார்த்தார்கள். கன்றுகள் முளைத்தன. 1968 முதல் பூங்காவே திட்டமிட்டுத் தீ வைக்க ஆரம்பித்தது. மிவோக் கிழவிக்குத் தெரிந்ததைக் கண்டுபிடிக்க ஒரு நூற்றாண்டும் ஐந்தாறு லத்தீன் பேரும் தேவைப்பட்டன.

இங்கிலாந்தில் அதற்குள் வேறு கதை. 1854-ல் வீச் நர்சரி ஒரு கன்று இரண்டு கினிக்கு விற்றது. பிரபுக்கள் போட்டி போட்டுச் சாலை சாலையாக நட்டார்கள். அந்த மழை ஊரில் மரங்கள் ஜோராக வளர்ந்துவிட்டன. சட்டப்படி செத்துப்போன பேரை விடாமல் இன்றைக்கும் வெலிங்டோனியா என்றே கூப்பிடுகிறார்கள்.

வைத்த பேர்களிலேயே ஏதாவது ஒன்று பொருந்தியதா என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றே ஒன்று. ஷெர்மன் யார்? உள்நாட்டுப் போரில் அட்லாண்டாவைக் கொளுத்தி, ஜார்ஜியா மாநிலத்தைக் கடல் வரைக்கும் எரித்துக்கொண்டே நடந்த மனிதர். தீயைச் சாப்பிடுகிற மரத்துக்குத் தீ வைக்கிறவர் பேர்!

ஆனால் எழுபது வருடச் சோறு ஒரே நாளில் இலையில் விழுந்தால் யாருக்கு ஜீரணமாகும்? அணைத்து அணைத்துக் காட்டின் அடியில் சேர்ந்த சருகும் ஃபிர் புதரும், கூடவே கடும் வறட்சியும் சேர்ந்து, 2020-லும் 2021-லும் தீ தரையோடு நிற்காமல் உச்சி வரைக்கும் ஏறியது. உலகத்தில் இருந்த பெரிய செக்கோயாக்களில் 13 முதல் 19 சதவீதம் வரை அந்த இரண்டு வருடத்தில் போய்விட்டன என்பது பூங்காவின் மதிப்பீடு.

2021 செப்டம்பரில் தீ ஷெர்மனை நோக்கி வந்தது. தீயணைப்பு வீரர்கள் அலுமினியத் தாளைக் கொண்டுவந்து அடிமரத்தைச் சுற்றினார்கள். ஜார்ஜியாவைக் கொளுத்திய தளபதி கல்யாண வீட்டுப் பிரியாணிப் பொட்டலம் போல நின்றார். அந்தத் தோப்பில் பல வருடமாகத் தவணை தவணையாகத் தீ வைத்துவந்ததால், வந்த தீக்குத் தின்ன அதிகம் கிடைக்கவில்லை. ஓரத்தில் கொஞ்சம் நக்கிப் பார்த்துவிட்டு அடங்கிப்போனது. தாளைப் பிரித்தார்கள். உள்ளே ஷெர்மன் பத்திரமாக இருந்தார், அவரோடு காரல் மார்க்ஸும்.